பில்லுக்கு முன்னால் பெயர்

போன முகூர்த்த நாளன்று, என் சொந்தக் கடையிலிருந்து என்னையே வெளியே போகச் சொல்லிவிட்டாள் ஒரு பெண்.

செஞ்சி பஜாரில் பாத்திரக் கடை என்றால் அது என் கடைதான். மற்றவர்களும் வைத்திருக்கிறார்கள்... இல்லையென்று சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். சைக்கிளில் அலுமினியப் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு தொண்டூர், மேல்சித்தாமூர் என்று தெருத்தெருவாகக் கூவி விற்றவன், இன்று மூன்று மாடி எழுப்பியிருக்கிறேன். என்னைப் போய் வெளியே போ என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

என் மச்சான் மகள் நந்தினிக்கு வந்தது.

நந்தினி நர்ஸ். திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. இருபத்தாறு வயதில் திடீரென்று அதை விட்டுவிட்டு வந்து நின்றாள். பிசினஸ் அனலிஸ்ட் ஆகப் போகிறாளாம். அப்படியென்றால்? ஒரு கம்பெனிக்காரன் தனக்கு இது வேண்டும் என்று சொல்கிறானே, உண்மையிலேயே அதுதான் வேண்டுமா என்று விசாரித்து, சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்கிற வேலை. ஆன்லைனில் கோர்ஸ் படித்தாள், சர்டிஃபிகேட் வாங்கினாள், சென்னைக்கு இரண்டு இன்டர்வியூ போனாள். இரண்டு இடத்திலும் ஒரே கேள்வி — எக்ஸ்பீரியன்ஸ் இருக்கிறதா? வேலை கொடுத்தால்தானே ஐயா எக்ஸ்பீரியன்ஸ் வரும்!

மூன்றாவது கம்பெனி கொஞ்சம் இறங்கி வந்தது. நிஜமான ஒரு வியாபாரத்தைப் போய்ப் பார், ஒரு சிக்கலைக் கண்டுபிடி, வந்து சொல் என்றார்கள். அவள் அப்பா ஏழுமலை — என் மச்சான் — கறாராகச் சொல்லிவிட்டான்: "இதான் கடைசி. இதுவும் இல்லன்னா மறுபடி ஆஸ்பத்திரிக்கே போயிடு. கண்ணாலத்துக்குக் கேக்க வரவங்க, பொண்ணு இன்னா வேல செய்யிதுன்னா நான் இன்னா சொல்றது?"

அவள் நேராக என் கடைக்கு வந்தாள்.

"மாமா, உங்க கடையில இன்னா பிரச்சினை?"

"எங்கடையில இன்னாம்மா பிரச்சினை? பில்லு போடறதுதான் லேட்டாவுது. முகூர்த்த நாள்ல ஜனங்க கத்தறாங்க. இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கணும்னு சொல்லிடு. உன் இன்டர்வியூ முடிஞ்சுது, போ."

சிரித்தாள். "ஆஸ்பத்திரிக்கு வரவங்களும் இப்பிடித்தான் மாமா. வந்ததும் 'ஒரு ஊசி போட்டு உடு'ம்பாங்க. எங்க வலிக்குதுன்னு சொல்ல மாட்டாங்க."

பில் போடும் சரவணனிடம் போய்க் கேட்டாள். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லா இருக்குதுங்க" என்றான். யாரைக் கேட்டாலும் அதே பதில். அதே பார்வை.

"மாமா, கோச்சிக்காதீங்க. நீங்க கல்லாவுல இருக்கற வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது. எதிர் டீக்கடையில போய் உக்காருங்க. இன்னா நடந்தாலும் உள்ள வரக்கூடாது."

முகூர்த்த நாளில் நான் கல்லாவை விட்டு எழுந்ததே கிடையாது. ஆனால் ஏழுமலை சொன்னது ஞாபகம் வந்தது. எழுந்தேன். இதற்கெல்லாம் பெரிய மனசு வேண்டும். எனக்கு இருக்கிறது.

தொண்டூரிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் வேனில் வந்து இறங்கியது. அண்டா, குடம், குத்துவிளக்கு என்று அள்ளினார்கள். பில் போட்டாயிற்று. அடுத்தது பெயர் வெட்டுகிற மிஷின். நம் பக்கத்தில் சீர்ப் பாத்திரம் பெயர் வெட்டாமல் கடையை விட்டு இறங்குமா? யார் கொடுத்தது என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா?

"எல்லாத்துலயும் பொண்ணு பேரும் மாப்ள பேரும் வெட்டுங்க" என்றார் பெண்ணின் அப்பா.

தாய்மாமன் எழுந்துவிட்டார். "அப்ப குத்துவெளக்குல எம்பேரு?"

"எல்லாம் ஒரே பில்லா போட்டாச்சு மச்சான்..."

"போட்டா இன்னா? பிரிச்சி எம்பேர்ல போடச் சொல்லு. நாளைக்கி சபையில வெளக்கு யாரு தந்ததுன்னு கேட்டா, நான் மூஞ்சத் தொங்கப் போட்டுக்குனு நிக்கட்டுமா?"

சரவணன் பில்லை கேன்சல் செய்தான். விளக்கைப் பிரித்தான். உடனே அத்தைக்காரி: "வெளக்கு அவருதுன்னா, பித்தள குடம் நாங்க தரது." மறுபடியும் கேன்சல். பின்னால் நின்றவர்கள் கத்த ஆரம்பித்தார்கள். "யோவ், ஒரு பில்லு போட இம்மா நேரமா?"

எல்லாம் எதிர்ப்பக்கம் வரை கேட்டது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் நான் எழுந்து போவேன். தாய்மாமன் தோளில் கை போடுவேன். "உங்களுக்குத்தாங்க மொத மரியாத" என்பேன். ஆள் குளிர்ந்துவிடுவார். இந்த வித்தையில் என்னை அடித்துக்கொள்ள இந்த ஜில்லாவிலேயே ஆள் இல்லை. ரோட்டில் கால் வைத்துவிட்டேன் — வாசலிலிருந்து நந்தினி கையை உயர்த்தினாள். "வராதீங்க மாமா!"

நின்றுவிட்டேன்.

அடுத்து வந்தது சிங்கவரத்துக் குடும்பம். அவர்களைப் பாத்திரத்தின் பக்கமே விடவில்லை அவள். உட்கார வைத்தாள். வழக்கமாகப் பில்லுக்கு அப்புறம் கொடுக்கும் கலர் சோடாவை முதலிலேயே கொடுத்தாள். "எது எது யாரு தரீங்க? எதுல யாரு பேரு?" என்று கேட்டாள். அவர்களும் சண்டைதான் போட்டார்கள்... ஏன் போட மாட்டார்கள்? ஆனால் உட்கார்ந்த இடத்தில் போட்டார்கள். அதற்குப் பிறகு பாத்திரம், அதற்குப் பிறகு பில். கேன்சலே இல்லை. வரிசை நகர்ந்தது.

கூட்டம் ஓய்ந்ததும் சொன்னாள்: "கம்ப்யூட்டர் லேட்டில்ல மாமா. சண்டதான் லேட்டா வருது. அத முன்னாடி கொண்டாந்துட்டா போதும்."

"அப்பிடி இருந்தா இத்தன வருசமா எங்கண்ணுல பட்டிருக்காதா?"

"எப்பிடிப் படும்? சண்ட வந்த ஒடனே நீங்க போய் அடக்கிடறீங்க. காய்ச்சலுக்கு மாத்திர போட்டுக்குனே இருந்தா, உள்ள இன்னா இருக்குதுன்னு தெரியுமா?"

திறமைசாலி முதலாளிக்கு இதுதான் ஆபத்து. சிக்கல் தலைகாட்டுவதற்குள் தீர்த்து வைத்துவிடுகிறான். நான் மட்டும் கொஞ்சம் மக்காக இருந்திருந்தால், என்றோ கண்டுபிடித்திருப்பேன்!

இன்டர்வியூவுக்குப் போனாள். முதல் இரண்டு முறையும் நர்ஸ் வேலையைப் பயோடேட்டாவின் மூலையில் ஒளித்து வைத்திருந்தவள், இந்த முறை அதிலிருந்தே பேச்சைத் தொடங்கினாளாம். வலியைச் சொல்லத் தெரியாதவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகியவள் நான் என்றாளாம். இருபத்தைந்து வயதுக்கு மேல் வேறு வேலைக்குத் தாவ நினைக்கிற பிள்ளைகளே, பழைய வேலையை எதற்கு மறைக்கிறீர்கள்? அது என்ன, திருட்டுச் சாமானா?

வேலை கிடைத்துவிட்டது. ஏழுமலை கடைக்கு வந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். "அந்த வேல பேருதான் மாமா வாயில நொழைய மாட்டேங்குது. ஆனா சொல்லிக்க கெத்தா இருக்குது!"

அந்த இன்டர்வியூவில் கடைசியாக ஒன்று கேட்டார்களாம். "உங்கள் முடிவைக் கடை முதலாளி ஒத்துக்கொண்டாரா?"

"ஒத்துக்கல சார். ஆனா மறுநாளே கடையில அப்படியே மாத்திட்டாரு" என்றாளாம். எல்லோரும் சிரித்தார்களாம்.

அதில் ஒரு சின்னத் திருத்தம். மறுநாள் இல்லை... அன்று சாயங்காலமே மாற்றிவிட்டேன்.