பதினெட்டு விளக்குகளும் சித்தப்பாவின் கருவியும்

எனக்கு அப்போது ஒன்பது வயது. எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொள்ளும் வயது. அந்த நினைப்பு என்னிடம் சற்றுக் கூடுதலாகவே இருந்தது.

பாளையங்கோட்டைக்கு வெளியே, எங்கள் கிறிஸ்தவக் கோயிலை ஒட்டி ஓர் அரிசி ஆலை. அங்கே எண்ணெய் இன்ஜினையும் டைனமோவையும் பார்த்துக்கொண்டவர் என் சித்தப்பா. ஊரே ஒரே பந்தியில் உண்ணும் அசனப் பண்டிகையன்று, சாயங்கால ஆராதனைக்கு ஆலையிலிருந்து கம்பி இழுத்துக் கோயிலில் மின்விளக்கு போடுவதாக ஏற்பாடு. ஆலை முதலாளி சம்மதித்தார். டைனமோ கருகினால் மறுநாள் முதல் வேலைக்கு வர வேண்டாம் என்று சித்தப்பாவிடம் சொல்லியும் வைத்தார்.

டைனமோ தாங்கக்கூடியது பன்னிரண்டு விளக்குகள். ஆனால் ஒவ்வொரு விளக்கும் ஒரு குடும்பத்தின் காணிக்கை. காணிக்கையை வேண்டாமென்று சொல்லும் தைரியம் எங்கள் சபை மூப்பர்களில் யாருக்கு உண்டு? ஒருவர் சம்பந்திக்குத் தலையசைத்தார், இன்னொருவர் மைத்துனருக்கு. விளக்குகள் பதினெட்டாயின.

சித்தப்பா வாதாடிப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் உட்கார்ந்து தம் கையாலேயே ஒரு கருவி செய்தார். கீழே செம்புக் கம்பிச் சுருள், மேலே தராசுக் கோல் போல ஓர் இரும்புப் பட்டை, அதன் மறுமுனை பாதரசக் கிண்ணத்தில். மின்சாரம் அளவை மீறினால் சுருள் காந்தமாகிப் பட்டையை இழுக்கும். மறுமுனை பாதரசத்தை விட்டு எழும்பும். விளக்குகள் அணையும், டைனமோ பிழைக்கும். இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், சித்தப்பா விளக்கு எரிய ஏதோ செய்கிறார் என்பதுதான்.

பண்டிகையன்று மத்தியானம் பதினெட்டையும் ஏற்றிப் பார்த்தார்கள். டக்கென்று பட்டை எழும்பி எல்லாம் அணைந்தது. பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு மூப்பர், "நீரு செஞ்சது நிக்கலியே வே" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஆறு விளக்குகளைக் கழற்றச் சொன்னார் சித்தப்பா. யாருடையதைக் கழற்றுவது என்று மூப்பர்களுக்குள்ளேயே சண்டை வந்தது. கடைசியில் அவர், "சரி, ஏத்துங்க. தாங்காட்டா அதுவே அணைச்சிரும்" என்று விட்டுவிட்டார். இருட்டிப் போனால் அவர்களே கழற்றச் சொல்வார்கள் என்று எண்ணியிருக்க வேண்டும். அதற்குள் நான் என் தலை ரிப்பனை அவிழ்த்து, பட்டை எழும்பாதபடி, கருவியைப் பொருத்தியிருந்த பலகையோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தேன். இனி யார் சிரிப்பார்கள் பார்ப்போம் என்று இருந்தது எனக்கு.

மத்தியானம் சோதித்ததை மறுபடி பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. பொழுது சாய, இன்ஜினை ஓடவிட்டார். கோயிலில் பதினெட்டும் எரிந்தன, பாட்டு எழுந்தது. சித்தப்பா அந்த டக் சத்தத்துக்காகக் காதைத் தீட்டி நின்றார். முதல் சரணம் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. சத்தம் வரவில்லை. அவர் முகம் மாறியது. கம்பியில் பூசிய அரக்குக் கருகும் வாடை வந்தது. டைனமோவிலிருந்து நூலாகப் புகை கிளம்பியது. திரும்பிப் பார்த்தவர் ரிப்பனைக் கண்டார், வெறுங்கையாலேயே பட்டையைப் பிய்த்து இழுத்தார். நீல நெருப்பு ஒன்று அவர் உள்ளங்கையில் பாய்ந்தது. கோயில் இருண்டு பாட்டு நின்றது.

ஆனால் டைனமோ கருகிவிட்டது.

முதலாளி ஓடி வந்தார். பலகையில் தொங்கிய ரிப்பனைப் பார்த்து யார் கட்டியது என்று கேட்டார். நான் அவிழ்ந்த பின்னலைக் கைக்குள் மறைத்துக்கொண்டேன்.

"நாந்தான் அண்ணாச்சி. பாட்டு முடியுத வரைக்கும் எரியட்டும்னு கட்டிட்டேன்" என்றார் சித்தப்பா.

இரண்டு நாள் கழித்து, கையில் கட்டோடு, வேலை தேடித் தூத்துக்குடிக்கு ரயில் ஏறினார். உண்மையைச் சொல்லத்தான் தைரியமில்லை, ஆறுதலாவது சொல்வோம் என்று ஜன்னலருகே போனேன்.

"அடுத்த தடவை அணையாத மாதிரி செய்யுங்க, சித்தப்பா."

அவர் கட்டுப் போட்ட கையை நீட்டி என் தலையில் வைத்தார்.

"செஞ்சிருவோம்ட்டி" என்றார்.

நல்ல யோசனை சொன்ன பெருமையோடு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.