தூசி என்று தள்ளிய புள்ளி

பம்பரம் என்றால் அந்த வானாய்வு நிலையத்தில் தெரியாதவர் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயரை ஏதாவது அலுவலகத் தாளில் பார்த்தால்தான் உண்டு. ஓரிடத்தில் கால் தரிக்காது அவளுக்கு. டீ ஆறப் பொறுக்காமல் தினமும் நாக்கைச் சுட்டுக்கொள்கிற ரகம். அப்படிப்பட்டவளுக்கு இந்த வேலையை எந்தப் புண்ணியவான் கொடுத்தாரோ! இரவில் தொலைநோக்கி எடுத்த படங்களைப் பகலெல்லாம் திரையில் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். அத்தனை நட்சத்திரமும் அசையாமல் நிற்க, ஒரே ஒரு புள்ளி மட்டும் மயிரிழை நகர்ந்திருந்தால், அது புளூட்டோவுக்கும் அப்பால் சுற்றுகிற குறுங்கோளாக இருக்கலாம். மற்றதெல்லாம் தூசி.

போன வருடம் அப்படி ஒன்று அகப்பட்டது. சில மாதம் தொடர்ந்து பார்த்து, போகிற பாதையைக் கணக்கிட்ட பிறகுதான் வெளியே சொல்வது வழக்கம். பம்பரத்துக்குப் பொறுக்குமா? இரண்டே இரவுப் படங்களை வைத்துக்கொண்டு, நிலையத் தலைவரை நச்சரித்து அறிவிக்க வைத்துவிட்டாள். அப்புறம் மேகம் மூடியது. மேகம் விலகுவதற்குள் புள்ளி சூரியன் இருக்கிற திசைக்குப் போய் வெளிச்சத்தில் மறைந்துவிட்டது. இந்த வருடம் அந்த இரண்டு இரவின் அரைகுறைக் கணக்குப்படி தேடினால் ஆளைக் காணோம்.

"வெள்ளிக்கிழமையோட முடிச்சுக்கலாம்மா," என்றார் தலைவர். "தொலைஞ்சதுன்னு எழுதிடுவோம்."

"தொலையல சார். எங்கயோ இருக்கு."

"எங்கயோன்னா? எந்தப் பக்கம்னு தொலைநோக்கியத் திருப்பறது?"

அவசரக்குடுக்கை என்று நாலு திட்டு திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். பாவி மனுஷன் திட்டவில்லை.

வீட்டிலும் இருப்புக்கொள்ளவில்லை. "அந்தச் சட்டிய மூணாவது தடவையா கழுவுற. அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் கணவர்.

"அத நான்தாங்க தொலைச்சேன்."

"சட்டியையா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பாக்கி இருந்தது ஒரே வழி: பழைய படங்கள். எதிலாவது அந்தப் புள்ளி முன்பே விழுந்திருந்தால் பாதையைச் சரியாகக் கணக்கிட்டுவிடலாம். மறுநாள் நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவேயில்லை. கால் துடித்தது, கை துடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். உடம்பு சரியில்லையா என்று ஆளுக்கு ஆள் வந்து விசாரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம், ஆறு வருடத்துக்கு முந்தைய படமொன்றின் ஓரத்தில் மங்கலாக ஒரு புள்ளி. அடுத்த வாரப் படத்திலும் இருந்தது, மயிரிழை தள்ளி. போன வருடத்து இரண்டு இரவுகளோடு சேர்த்துக் கணக்குப் போட்டதும் பாதை கச்சிதமாகப் பொருந்தியது. அடியம்மா என்று கத்தப் போனவள், முதல் படத்தின் பழைய குறிப்பைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அதில் புள்ளியைச் சுற்றி ஏற்கெனவே ஒரு சிவப்பு வட்டம். பக்கத்தில் 'தூசி' என்று குறிப்பு. பார்த்தவர் என்ற இடத்தில் ஒரு பெயர். பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்த படம் அது. அடுத்த படத்துக்கு ஓடுகிற அவசரத்தில் தள்ளியிருக்கிறாள்.

தலைவர் அன்றைக்கே தொலைநோக்கியைத் திருப்பச் சொன்னார். மறுநாள் படத்தில், கணக்கு சொன்ன இடத்தில் புள்ளி சமத்தாக உட்கார்ந்திருந்தது.

"அதான் கிடைச்சிருச்சுல்ல, அப்புறம் ஏன் அழற?" என்று கேட்டார் கணவர், டீயை முன்னால் வைத்து.

"ரெண்டு தடவையும் அது பாட்டுக்கு அங்கதாங்க இருந்துச்சு. நான்தான் நிக்கல."

அவர் டம்ளரை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினார். "டீ ஆறுது பாரு," என்றார்.

"ஆறட்டும்."