கமால் பாயை அடக்கம் செய்த ஞாயிற்றுக்கிழமை

1. காலை

அன்று ஞாயிறு, முகூர்த்த நாள் வேறு. நான் ஆபீஸ் ஷட்டரைத் தூக்கும்போதே செல்போன் அடித்தது. கமால் பாயின் மகன் பேசினான்.

"ஆன்ட்டி, அத்தா போயிட்டாரு. தூக்கத்துலயே. மதியத் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்."

சொல்லிவிட்டு வைத்துவிட்டான். நான் ஷட்டரை முழுதாகத் தூக்கிவிட்டு மேசையில் போய் உட்கார்ந்தேன்.

தி.நகரில் ஒரு லிஃப்ட் கம்பெனியில் சர்வீஸ் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கோ ஒரு லிஃப்ட் நின்றுபோகும், உள்ளே ஆள் மாட்டிக்கொள்வார், எனக்கு போன் வரும். பக்கத்தில் இருக்கும் மெக்கானிக்கை நான் அனுப்ப வேண்டும். கமால் பாய் எங்கள் சீனியர் மெக்கானிக். இரண்டு பேரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். என் கல்யாணத்துக்கு மண்டபத்து லிஃப்டைச் சரிபார்த்துவிட்டுத்தான் பந்தியில் உட்கார்ந்தார்.

சற்று நேரத்தில் எங்கள் மெக்கானிக்குகள் ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். எல்லோரும் கேட்டது ஒன்றுதான். மீர்சாகிப்பேட்டையில் பாய் வீட்டுக்குப் போக வேண்டும், பாயின் முகத்தைப் பார்க்க வேண்டும். முகூர்த்த ஞாயிறில் ஒருவரைக்கூட விட முடியாது. கல்யாண மண்டபம், துணிக்கடை, அடுக்குமாடி வீடு என்று எல்லா இடத்திலும் கூட்டம் இருக்கும். ஆனால் யாரிடம் நான் "நீ போகாதே" என்று சொல்வேன்?

அப்போதுதான் ஷீலா கூப்பிட்டாள். எங்கள் போட்டிக் கம்பெனியில் என்னைப் போலவே சர்வீஸ் மேசையில் இருப்பவள். எத்தனையோ வருஷமாகக் குரல் பழக்கம், நேரில் பார்த்ததில்லை.

"அக்கா, எங்க ஆளுங்களும் பாய் வூட்டுக்குப் போவணும்ன்றாங்க. நான் இன்னா பண்றது?"

போட்டிக் கம்பெனி ஆட்கள் எதற்கு இவருக்காக அழ வேண்டும் என்று இதைப் படிக்கும் உங்களுக்குத் தோன்றலாம். அதற்கு ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும்.

2. துணிக்கடை லிஃப்ட்

தீபாவளி நேரம். தி.நகரில் ஒரு பெரிய துணிக்கடையின் லிஃப்ட் எங்கள் பராமரிப்பில் இருந்தது. கமால் பாய் வழக்கமான சர்வீசுக்குப் போனபோது, டோர் லாக்கில் யாரோ ஒரு துண்டு ஒயரைப் போட்டு இணைத்திருப்பதைப் பார்த்தார். மாடியில் கதவு சரியாகப் பூட்டாவிட்டாலும் லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும். லிஃப்ட் வேறு மாடியில் நிற்கும்போது யாராவது அந்தக் கதவைத் தள்ளினால் நேராகக் குழிக்குள் விழ வேண்டியதுதான். அடிக்கடி நிற்கிறதே என்று கடையின் எலக்ட்ரீஷியனே செய்த வேலை அது.

பாய் மெயினை ஆஃப் பண்ணிப் பூட்டுப் போட்டார். கடை மேனேஜர் குதித்தார். எங்கள் முதலாளிக்கு போன் போட்டார். பாய் பூட்டைத் திறக்கவில்லை. கம்பெனியிலிருந்து புது லாக் வர இரண்டு நாளாகும் என்றதும், கடைக்காரர் கான்ட்ராக்டையே ஷீலாவின் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்.

அங்கிருந்து வந்தவன் தேவராஜ். வடபழனிக்காரன், அப்போது வேலையில் கொஞ்சம் புதுசு. லிஃப்டை உடனே ஓட்டிக்காட்டச் சொல்லி அவன் கழுத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் பாய்க்கு போன் பண்ணி, "பாய், இதுல இன்னா கீது? நீங்களே பூட்டிட்டுப் போயிருக்கீங்கோ," என்று கேட்டிருக்கிறான். பாய் தன் டியூட்டி முடிந்ததும் அங்கே போனார். அடையாறில் ஒரு கடையில் அந்த லாக் இருப்பதை இதற்குள் விசாரித்து வைத்திருந்ததால் அவனைக் கூட்டிக்கொண்டு போய் வாங்கி, இருவருமாக மாட்டினார்கள். லிஃப்ட் ஓடியது. பெயர் தேவராஜுக்கும் அவன் கம்பெனிக்கும்.

விஷயம் எங்கள் முதலாளி காதுக்கு வந்தது. பாயை என் மேசைக்கு முன்னாலேயே நிற்கவைத்து, போட்டிக்காரனுக்கு வேலை பார்க்கிறாயா என்று கத்தினார். பாய் அமைதியாகத்தான் பதில் சொன்னார்.

"சார், ஏறப் போறவங்களுக்கு அது எந்தக் கம்பெனின்னு தெரியாது."

ஒரு வாரம் வேலைக்கு வராதே என்றார் முதலாளி. பாய் போய்விட்டு, எட்டாம் நாள் எதுவும் நடக்காததுபோல் வந்து டூல் பையை எடுத்துக்கொண்டார். ஆனால் அந்த வாரத்துக்குள் ஊரில் இருக்கும் லிஃப்ட்காரர்கள் அத்தனை பேருக்கும் அவர் யார் என்று தெரிந்துபோயிற்று. அதன்பிறகு எந்தக் கம்பெனி ஆளுக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் முதல் போன் கமால் பாய்க்குத்தான்.

3. மதியம்

ஷீலாவும் நானும் இன்னும் இரண்டு கம்பெனி மேசைகளைப் பிடித்தோம். பத்து நிமிஷப் பேச்சில் முடிவாயிற்று. ஏரியாவுக்கு ஒரு ஆள் டியூட்டியில் இருப்பான். எந்தக் கம்பெனி லிஃப்டாக இருந்தாலும் மாட்டியவர்களை அவன் வெளியே எடுப்பான். ரிப்பேர் எல்லாம் சாயங்காலம். மற்றவர்கள் பாய் வீட்டுக்குப் போகலாம்.

இப்போது முதலாளியாக இருப்பவர் பழையவரின் மகன். விஷயத்தைச் சொன்னதும் பயந்தார். வேறு கம்பெனி ஆள் நம் லிஃப்டில் கைவைத்து ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். நம் ஆள் வர நேரமாகி உள்ளே இருப்பவருக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று நான் கேட்டேன். 

"உங்க பொறுப்பு மேடம்," என்று வைத்துவிட்டார்.

சரி, என் பொறுப்பு என்று மேசையில் உட்கார்ந்தேன். எனக்கும் போக ஆசைதான். ஆனால் யாராவது ஒருவர் போனை எடுக்க வேண்டுமே.

மதியத் தொழுகை முடியும் நேரம். மந்தைவெளியில் எங்கள் லிஃப்ட் ஒன்று இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு வயதான அம்மாவும் மகளும். அம்மாவுக்கு ஏற்கெனவே மூச்சுத் தொந்தரவு, மூச்சுக்கு அடித்துக்கொள்ளும் பம்ப்பும் வீட்டிலேயே இருந்தது. மகள் போனில் அழுதாள். அந்த ஏரியாவுக்கு வைத்திருந்த ஆளை அப்போதுதான் வேளச்சேரிப் பக்கம் இன்னொரு லிஃப்டுக்கு அனுப்பியிருந்தேன். அங்கிருந்து அவன் வந்து சேர அரை மணி நேரம் ஆகும். பள்ளிவாசலுக்குப் போன எங்கள் ஆட்கள் யாரும் போனை எடுக்கவில்லை; பக்கத்தில் எனக்குத் தெரிந்த இன்னொருவன் தேவராஜ்தான். அவன் பள்ளிவாசல் வாசலில், பாயைத் தூக்கத் தோள் கொடுக்க நின்றுகொண்டிருந்தான்.

அவனைக் கூப்பிட எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் கூப்பிட்டேன்.

"தேவா, மந்தைவெளி. ஒரு அம்மாவுக்கு மூச்சு வாங்குது."

அவனுக்குப் பின்னால் பாயைத் தூக்குகிறவர்களின் சத்தம் கேட்டது. "அட்ரஸ் சொல்லுங்க," என்றான்.

அவன் வரும்வரை நான் அந்த மகளோடு பேசிக்கொண்டே இருந்தேன். அம்மாவைத் தரையில் உட்காரவைக்கச் சொன்னேன், புடவையைத் தளர்த்தச் சொன்னேன், கதவைத் தள்ளாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பேச்சுக்கு நடுவில் தேவராஜின் குரல் லேசாகக் கேட்டது. கதவுக்கு வெளியிலிருந்து அவர்களுக்குத் தைரியம் சொல்லிவிட்டு மெஷின் ரூமுக்கு ஓடினான். மெயினை ஆஃப் பண்ணி, பிரேக்கை விடுவித்து, கைச்சக்கரத்தைச் சுற்றி லிஃப்டைக் கீழ் மாடிக்கு இறக்கினான். கதவு திறந்ததும் மகள் போனை அணைக்கக்கூட மறந்துவிட்டாள். அம்மா பம்ப் வேண்டும் என்று கேட்பதும், யாரோ மாடிப்படியில் ஓடுவதும் என் காதில் விழுந்தன. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் தேவராஜே கூப்பிட்டான். அவன் அடக்கம் செய்யும் கபர்ஸ்தானுக்குத் திரும்பிப் போனபோது எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்களாம். பாயின் மகன் இவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், மண் அள்ளிப் போடச் சொன்னானாம்.

"போட்டேன் மேடம்," என்றான். "அந்த அம்மா எப்படிக் கீறாங்க?"

நன்றாக இருக்கிறார்கள் என்றேன்.

இப்போது எல்லா முகூர்த்த நாளிலும், மழை நாளிலும் நான்கு மேசைகளும் இப்படித்தான் வேலை செய்கின்றன. "உங்க பொறுப்பு" என்ற முதலாளி புது வாடிக்கையாளர்களிடம் இதைத்தான் பெருமையாகச் சொல்கிறார். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு நான் சொல்லிவிட்டு வந்தது ஒன்றுதான். போட்டிக் கம்பெனி மேசையில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள், காரியம் எதுவும் இல்லாத நாளிலும் ஒரு தடவை கூப்பிட்டுப் பேசு. அவசரத்தில் உன் குரல் கேட்டதும் அந்தப் பக்கத்தில் இருப்பவர் கேள்வி கேட்காமல் அட்ரஸைக் கேட்க வேண்டும்.