கால்மாட்டில் இருந்த கைப்பிடி

விபத்துக்குப் பிறகு என் இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை. கைகள் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. அதை எல்லோரும் மறந்துபோனார்கள். எழுந்து உட்கார வேண்டுமென்றால் கணவரைக் கூப்பிட வேண்டும். அவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, முதுகுக்குத் தலையணை அடுக்குவார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் எத்தனை முறை கூப்பிடுவது? தாகத்தை அடக்கிக்கொண்டு படுத்திருக்கப் பழகினேன். அப்படிப் பழகிவிட்டேன் என்பது உறைத்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

அண்ணன் வத்தலக்குண்டு ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். கட்டிலின் தலைப்பக்கம் மட்டும் மேலே எழும்புகிற மாதிரி செய்து தரச் சொன்னேன். முதலில் கப்பியும் கயிறும் மாட்டினார். இழுத்ததும் முதுகுப்பலகை ஏறியது. கயிற்றைக் கொக்கியில் போடுவதற்குள் கை வழுக்கி, பலகையோடு தடாலென்று விழுந்தேன்.

"மோட்டாரு வச்சிருவோம் தாயி. சுவிச்சை அமுக்குனா போதும்."

"கரண்டு போனா பாதியில தொங்கிக்கிட்டு ஒன்னைக் கூப்பிடவா? திருகு போடுண்ணே. காரைத் தூக்குற ஜாக்கி மாதிரி. கையை விட்டாலும் நிறுத்துன எடத்துல நிக்கணும்."

பதினோரு வருடம் நூல் மில்லில் மெஷின் பார்த்தவள் நான். எது சுற்றினால் எது ஏறும் என்று எனக்கும் தெரியும்.

ஒரு வாரத்தில் திருகு வந்தது. கைப்பிடி கால்மாட்டில் இருந்தது.

"இதை யாரு சுத்துறது?" என்றேன்.

"மாப்ளதான். ஆஸ்பத்திரிக் கட்டில்ல அப்படித்தானே இருக்கு?"

"அது நிக்கிறவுகளுக்குச் செஞ்சது. படுத்துக் கெடக்குறவளுக்குச் செய்யல. இங்கன வையி." என் இடுப்புக்குப் பக்கத்துச் சட்டத்தைத் தட்டிக் காட்டினேன்.

"திருகு நீளவாக்குல ஓடுது. பக்கவாட்டுல எப்படிச் சுத்துவ?"

"கடை ஷட்டர் ஏத்துற கியர்பெட்டி ஒன் பட்டறையில கெடக்குல்ல? அதுல கம்பி ஒரு திசையில சுத்துது, உருளை வேற திசையிலதானே சுத்துது?"

அண்ணன் குனிந்து கட்டிலின் அடியைப் பார்த்தார். கணவருக்குத்தான் முகம் வாடிவிட்டது. "நான் தூக்க மாட்டேன்னா சொன்னேன்?"

"நீங்க தூக்குவீக. நான்தான் இனிமே கூப்பிடப் போறதில்ல."

"மெதுவாத்தான் ஏறும். நாப்பது சுத்து சுத்தணும், கை விட்டுப்போகும்" என்று அண்ணன் எச்சரித்தார்.

"எனக்கென்ன பஸ்ஸா போகப் போகுது?"

கியர்பெட்டியோடு கட்டில் திரும்பி வந்ததும் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினேன். கண்ணுக்கு நேரே இருந்த கூரை உத்தரம் மெல்ல விலகியது. ஜன்னல் விளிம்பு வந்தது, பிறகு எதிர்வீட்டு மாடியில் காயும் துணி, பிறகு தெரு. கணவர் கையை நீட்டினார். "தொடாதீங்க" என்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். இறக்கிவிட்டு மறுபடியும் ஏற்றினேன்.

பிறகொரு நாள் கன்னிவாடியிலிருந்து அத்தை பார்க்க வந்தார். நான் படுத்திருந்தேன். தலைமாட்டில் உட்கார்ந்து, "இந்த வயசுல இப்படிக் கெடையில விழுந்துட்டியே" என்று மூக்கைச் சிந்தினார். நான் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினேன். அவர் அழுதுகொண்டே இருந்தார், நான் ஏறிக்கொண்டே இருந்தேன். கண்ணுக்கு நேர் கண் வந்ததும் அவர் வாய் நின்றது.

"காப்பி குடிக்கிறீகளா அத்தை?" என்று கேட்டேன்.

தோள் கடுத்துப்போகிற நாட்களும் உண்டு. அன்றைக்குப் பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்வேன். பலகை நின்ற இடத்தில் நிற்கும். மீதியை அப்புறம் சுற்றுவேன்.