சாய்க்கக் கூடாத குழாய்

வகுப்பில் எல்லோருக்கும் அவள் அக்கா. மகளைப் பள்ளிக்கு அனுப்பத் தொடங்கிய பிறகு, புவி அறிவியல் படிக்கப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவள். "மகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லித்தர்ற வயசுல இவ வீட்டுப்பாடம் எழுதுறா" என்று மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அவள் பதில் பேசமாட்டாள். வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட வாய் திறக்காமல் கையை மட்டும் தூக்குகிறவள்.

அன்று பஸ்ஸில் அவள் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது மார்பளவு உயர, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் குழாய். உள்ளே ஏரியின் அடிச்சேறு, படிந்த வரிசை கலையாமல் அடுக்கடுக்காக. மேலே இருந்த நாலு விரல் கறுப்புச் சேறுதான் ஏரிக்கரையில் தொழிற்சாலை வந்த பிறகு சேர்ந்தது. அவளுடைய ஆய்வே அதுதான். கூழ் மாதிரி இளகியது. கலங்கினால் பட்டம் போச்சு. மறுபடி எடுக்கவும் முடியாது, நாளைக் காலையில் தூர்வாரும் இயந்திரம் ஏரியில் இறங்குகிறது. பல்கலைக்கழகத்திலிருந்து வரவேண்டிய ஜீப் வரவில்லை. இதை விட்டால் வேறு பஸ்ஸும் இல்லை.

"ஏம்மா, அந்தப் பைப்பைப் படுக்க வையேன். நாலு பேர் நிக்கிற இடம்," என்றார் கண்டக்டர்.

"படுக்க வைக்கக் கூடாதுங்க."

"ஏன், அதுக்கு மயக்கம் வருமா?"

பஸ்ஸே சிரித்தது. அவள் தலை குனிந்துகொண்டாள். குனிந்தபோதுதான் பார்த்தாள். சேற்றுக்கு மேல் ஒரு சாண் ஏரித் தண்ணீர் அப்படியே நின்றது. கரையிலேயே அதை வடித்துவிட்டு ஸ்பாஞ்சால் அடைத்திருக்க வேண்டும். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் மறந்துபோயிருந்தாள்.

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியது. தண்ணீர் அலைந்தது. கறுப்புச் சேற்றிலிருந்து நூல் நூலாகப் புகை போல எழும்பியது. முன்னால் சாலை முழுக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள்.

"வண்டியை நிறுத்துங்க! ஐயோ, மெதுவா! மெதுவா நிறுத்துங்க!"

அது தன் குரல் என்று அவளாலேயே நம்ப முடியவில்லை.

"என்னம்மா, வாந்தியா?" என்று வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு டிரைவர் திரும்பினார்.

"இல்லண்ணே. அந்தத் தங்கச்சி கையில இருக்கிற ஸ்ட்ரா வேணும்."

ஜூஸ் குடித்துக்கொண்டிருந்த பெண் விழித்தாள். "எச்சில் பண்ணிட்டேனேக்கா?"

"பரவாயில்ல, குடும்மா."

குழாயின் மூடியைத் திறந்து, ஸ்ட்ராவை விட்டு, வாய் வாயாகத் தண்ணீரை உறிஞ்சி ஜன்னல் வழியே துப்பினாள். "கருமம், சாக்கடையைக் குடிக்குது பாரு!" என்றார் ஒருவர். அவள் காதில் விழுந்தது, நிறுத்தவில்லை. சேற்றுக்கு மேல் ஒரு விரற்கடை மிஞ்சியதும், கைக்குட்டையைச் சுருட்டி மெல்ல அடைத்தாள்.

கண்டக்டர் ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டார். "தள்ளி நில்லுங்கப்பா. அதுக்கு மயக்கம் வந்துடும்."

மறுநாள் ஆய்வகத்தில் குழாயை நெடுக அறுத்துத் திறந்தார்கள். கறுப்புச் சேறு முடிகிற இடத்தில் கோடு நேராக இருந்தது. உச்சியில் மட்டும் ஒரு நக அளவு கலங்கியிருந்தது.

"இது யார் பண்ணின வேலை?" என்று கலங்கிய உச்சியைக் காட்டிப் பேராசிரியை சுற்றிலும் பார்த்தார்.

அவள் கையைத் தூக்கவில்லை. வாயைத் திறந்தாள்.

"நான்தான் மேடம். தண்ணிய வடிக்க மறந்துட்டேன். அந்த நக அளவை ஒதுக்கிட்டா மிச்சத்தை அளக்கலாம்."

பேராசிரியை குனிந்து அந்த நேர்கோட்டைப் பார்த்தார். பிறகு சேற்றைச் சீவுகிற கத்தியை அவளிடமே நீட்டினார்.