மிச்சம் எத்தனை பைட்

கணினியின் கர்னலுக்கு நிரல் எழுதுகிறவன் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் ஒன்றும் விளங்காது. லாரி எடைமேடைக்குப் பெட்டி மாட்டுகிறவன் என்றால் உடனே விளங்கிவிடும். என் விஷயத்தில் இரண்டும் ஒரே வேலைதான். மேடைக்கு அடியில் இருக்கும் கருவி எடையைச் சொல்லும். அதைக் கணினிக்குள் வாங்கி, சீட்டு அடிக்கும் நிரலிடம் ஒப்படைக்க ஒரு சின்ன நிரல் வேண்டும். பதினைந்து வருடமாக அதைத்தான் எழுதுகிறேன். காலையில் புதுக்கோட்டையில், அந்தப் பெரிய ஊர் இல்லை, துறைமுகத்துக்குப் பக்கத்துச் சின்ன ஊர், பஸ் ஏறுவேன், துறைமுகச் சாலையில் இறங்குவேன், உப்புத் தூசியில் கண் எரிய ஏதாவது ஒரு கிடங்கில் உட்கார்ந்திருப்பேன். சலித்துப்போன வேலை. சலிப்பில் செய்த வேலை எப்படி இருக்கும் என்பதற்கு நானே சாட்சி.

உப்பு ஏற்றுமதி செய்யும் ஒரு கிடங்கில் சீட்டு அடிக்கிற வேலையில் ஓர் அம்மா இருந்தார். உடன்குடிப் பக்கம். அந்தச் சம்பளத்தில்தான் இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் என்னைப் போனில் கூப்பிட்டார். மதியச் சாப்பாடு முடிந்து ஏறுகிற முதல் லாரிக்கு, வெளியே பலகையில் ஓர் எடை காட்டுகிறது, சீட்டில் சாப்பாட்டுக்கு முந்தைய லாரியின் எடையே வருகிறது என்றார். லாரி நிலைக்கு வருமுன் பட்டனைத் தட்டியிருப்பீர்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுபடியும் கூப்பிட்டார். அதே பதிலைக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். மூன்றாவது முறை எனக்கு முதுகுவலி. எங்கள் ஆபீஸ் புகார்ப் புத்தகத்தில், கருவியில் கோளாறு இல்லை, இயக்குபவரின் தவறு என்று எழுதி, கிடங்குக்கும் ஒரு நகல் அனுப்பி முடித்துவிட்டேன். நேரில் போய்ப் பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கிடங்கு மேனேஜர் பழைய சீட்டுகளைப் புரட்டியபோது, அடுத்தடுத்த இரண்டு லாரிகளுக்குக் கிலோ பிசகாமல் ஒரே எடை இருப்பதைப் பார்த்தார். அதுவும் பல நாட்களில். லாரிக்காரர்களோடு கூட்டு என்று முடிவு கட்டினார். அவர் கையில் இருந்த ஆதாரம் நான் எழுதிய அந்த ஒரு வரி. விசாரணை முடியும்வரை வீட்டில் இருங்கள் என்று அந்த அம்மாவை அனுப்பிவிட்டார்கள். எங்கள் முதலாளியிடம் கருவி நன்றாக இருக்கிறது என்று ஒரு கடிதம் கேட்டார்கள். முதலாளி என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். மனசாட்சி உறுத்தியது என்றெல்லாம் சொல்லமாட்டேன். எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் கையெழுத்துப் போடுமுன் ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று என் நிரலைத் திறந்தேன்.

கர்னல் என்பது கணினியையே நடத்தும் அடிப்படை நிரல், நான் எழுதுவது அதற்குள் ஓடும். கர்னலின் மெமரி வேறு, மற்ற நிரல்களின் மெமரி வேறு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குள் நேராகக் கையை விட முடியாது. துறைமுக வாசல் மாதிரி, சரக்கு அதற்குரிய முறைப்படிதான் கைமாற வேண்டும். அந்தக் கைமாற்றத்துக்கென்றே ஒரு கட்டளை உண்டு. எடையை நகலெடுத்து, சீட்டு நிரல் சொன்ன இடத்தில் கொண்டுபோய் வைக்கும். முடிந்ததும் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். எத்தனை பைட் போய்ச் சேராமல் மிச்சம் நிற்கிறது என்பதுதான் அந்த எண். பூஜ்யம் வந்தால் எல்லாம் சேர்ந்தது என்று அர்த்தம். நான் அந்த எண்ணை வாங்கிப் பார்க்கவே இல்லை. நகலெடு என்று ஒரு வரி, எல்லாம் சேர்ந்துவிட்டது என்று அடுத்த வரி.

அது போதாதென்று, வேறு எதுவும் குறுக்கே வராதபடி பூட்டைப் போட்டுக்கொண்டு நகலெடுக்கச் சொல்லியிருந்தேன். பூட்டு போட்டிருக்கும்போது எதற்காகவும் காத்திருக்கக் கூடாது. சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பழைய கணினியில் வேறொரு நிரல் அன்றைய கோப்புகளைப் பிரதி எடுக்கும். மெமரி போதாமல், சும்மா கிடக்கும் சீட்டு நிரலின் மெமரியை டிஸ்க்குக்கு அனுப்பிவிடும். இரண்டு மணிக்கு முதல் லாரி ஏறும்போது எடையை வைக்க வேண்டிய இடம் அங்கே இருக்காது. கொண்டுவரும்வரை பொறுக்கவும் நான் விடவில்லை. நகல் தோற்றுப்போகும், நான் சேர்ந்தது என்பேன். பிறகு சீட்டு நிரல் தேடும்போது டிஸ்க்கிலிருந்து திரும்பி வருவது பழைய லாரியின் எடை.

மறுநாள் இரண்டு மணிக்குப் போய், ஆறுமுகநேரியிலிருந்து வந்த லாரி ஒன்றை ஏற்றிப் பார்த்தேன். அந்த அம்மா சொன்னது அப்படியே நடந்தது.

திருத்தி முடித்ததும் முதலாளியிடம் சொன்னேன். அவருக்கு நான் சொன்னதில் பாதி போதும்.

"ஏலே, இப்ப பெட்டி சரியாத்தான இருக்கு? அத எழுதிக் குடு. பழச எதுக்குக் கிண்டுத?"

அப்படியே கொடுத்துவிடலாம் என்று அரைநாள் நினைத்தேன். இந்த வயதில் வேறு வேலை தேடும் தெம்பு இல்லை. சாயங்காலம் கடிதத்தை எழுத உட்கார்ந்தால், புகார்ப் புத்தகத்தில் இருந்த என் கையெழுத்துதான் கண்ணில் பட்டது. தவறு எங்கள் நிரலில், எழுதியவன் நான், முன்பு எழுதியது பார்க்காமலே எழுதியது என்று மூன்று வரி எழுதி, மேனேஜர் கையில் நானே கொடுத்தேன். முதலாளி இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

ஐந்து வாரம் வீட்டில் இருந்துவிட்டு அந்த அம்மா வேலைக்குத் திரும்பினார். அந்த நாட்களில் தெருவில் என்ன பேசினார்கள் என்று அவர் சொல்லவில்லை, எனக்கும் கேட்க வாய் வரவில்லை. பெட்டியைச் சோதிக்கும் சாக்கில் போய், நடந்ததை எனக்குத் தெரிந்த அளவு எளிதாகச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் சீட்டுக் கட்டைச் சரிசெய்துகொண்டே கேட்டார்.

"அது போய்ச் சேரலன்னா, சேரலன்னு சொல்லுமா சார்?"

"சொல்லும்மா. ஒவ்வொரு தடவையும் சொல்லும். நான்தான் கேக்கல."

"அப்ப அதுவும் உங்ககிட்ட சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கு."

 வெளியே ஒரு லாரி மேடையில் ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்சம் எழுந்திருங்கள் சார் என்றார். அவருடைய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் நான் அவ்வளவும் பேசியிருக்கிறேன்.