கிரேனுக்கு முன்னால் போன கார்

பிள்ளைகளே, உங்கள் அக்கா ஏன் காலை இழுத்து நடக்கிறாள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எனக்கு வாயால் சொல்ல வராது. அதனால் எழுதுகிறேன்.

அன்று நான் மலைமேல் கம்போங் ராஜாவில் இருந்தேன். பள்ளத்தில் சாய்ந்த காய்கறி லோரியைத் தூக்க ஈப்போவிலிருந்து பெரிய கிரேன் வந்திருந்தது. உங்கள் அம்மா தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பாள். நான் கிரேனுக்கு முன்னால் மஞ்சள் விளக்குக் காரை ஓட்டி, எதிரே வருகிறவர்களை ஒதுக்கி நிறுத்துவேன். அதுதான் என் வேலை.

லோரியைத் தூக்கி முடித்த கையோடு கம்பெனியிலிருந்து போன் வந்தது. கீழே ரயில் தடம் புரண்டுவிட்டது, உடனே இறங்குங்கள் என்றார்கள். ரோட்டில் ஓடும் கிரேன்தான், ஆனால் ரயில் பெட்டியையே தூக்கும்.

அடுத்த போன் அக்காவுடையது.

"அப்பா, எங்க கோச் சாஞ்சி நிக்குது. கால் சீட்டுக்கு அடியில மாட்டிக்கிச்சி. கிரேன் வந்து பெட்டியப் புடிச்சாதான் தீயணைப்பு பொம்பா ஆளுங்க உள்ள வருவாங்களாம்."

"ரொம்ப வலிக்குதாம்மா?"

"வலிக்கலப்பா. மரத்துப்போச்சி. கிரேன் எங்கயோ மலையில இருக்காம். எவன் அத அங்க கொண்டுபோனான் லா?"

நான் காரைக் கிளப்பினேன்.

இறங்கினோம். வளைவு வந்தால் கிரேனுக்கு முழு ரோடும் வேண்டும். நான் முன்னால் போய் எதிரே வரும் வண்டிகளை நிறுத்துவேன், அது மெதுவாகத் திரும்பும், மறுபடி போவேன். பாதி மலையில் கிரேன் டிரைவர் ஹார்ன் அடித்து நிறுத்தினான். சக்கரத்தில் புகை.

"பிரேக் காஞ்சிபோச்சிண்ணே. சூடு ஆறணும்."

ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு இறங்கும் கார்கள் பின்னால் வரிசை கட்டின. ஒருவர் தலையை நீட்டி, "என்னாண்ணே, பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலமா?" என்றார். நான் டிரைவர் பக்கத்தில் போய், "தம்பி, அந்தக் கோச்சுல என் மவ இருக்கா" என்றேன்.

அவன் முகம் மாறிவிட்டது. "நீங்க முன்னால போயிருங்கண்ணே. நான் பாத்துக்கறேன்."

"நான் போயிட்டா வளைவுல யாரு லோரிய நிறுத்துறது?"

புகை அடங்கும்வரை இரண்டு பேரும் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

போய்ச் சேர்ந்ததும் கிரேன் நான்கு பக்கமும் கால்களை நீட்டி, கனமான கட்டைகள்மேல் ஊன்றி, பெட்டியைப் பிடித்துக்கொண்டது. பொம்பா ஆட்கள் ஏறினார்கள். என்னைக் கயிற்றுக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். ஸ்ட்ரெச்சரில் அக்காவைப் பார்த்ததும் ஓடினேன். அதற்குள், "ஆம்புலன்ஸ் போகணும், யார் காடி இது?" என்று ஒருவர் கத்தினார். என்னுடையதுதான். திரும்பி ஓடி காரை ஒதுக்கினேன். ஆம்புலன்ஸ் என்னைத் தாண்டிப் போனது.

இன்னும் சீக்கிரம் எடுத்திருந்தால் கால் நரம்பு பிழைத்திருக்கும் என்றார் டாக்டர். சரிங்க என்றேன். அதைவிட வேகமாக வந்திருக்க முடியுமா என்று எத்தனையோ முறை அதே ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். முடியாது.